கரும்பித்தம்: கிரேக்கர்களிடம் திரும்பினார்களா, வேண்டியதை மட்டும் எடுத்துக்கொண்டார்களா?

சுவடிப்பூச்சி (இழையைத் தொடங்கியவர்)

ரொம்ப நாளாக மனதில் கிடக்கும் கேள்வி, இங்கே கொட்டிவிடுகிறேன்.

1525-இல் வெனிஸில் ஆல்டஸ் அச்சகம் பழங்காலக் கிரேக்க மருத்துவர் கேலனின் நூல்களைக் கிரேக்க மூலத்திலேயே ஐந்து தொகுதிகளாக அச்சிட்டது. அடுத்த வருடமே அவருக்கும் முந்தைய மருத்துவர் ஹிப்பாக்ரடீஸும் கிரேக்கத்தில் வந்துவிட்டார். கிரேக்கம் படித்த ஐரோப்பிய மருத்துவர்களுக்கு இது திருவிழா மாதிரி. அரபி வழியாக லத்தீனுக்கு வந்தது கலங்கல் தண்ணீர், இனி ஊற்றுக்கே போய்க் குடிப்போம் என்ற மிடுக்கு அவர்கள் எழுத்தில் தெரியும்.

என் குழப்பம் மெலங்கோலி, அதாவது தீராத மனச்சோர்வு, பற்றி. அந்தச் சொல்லுக்கு நேர்ப்பொருள் 'கரும்பித்தம்'தான், உடம்பில் இருப்பதாகக் கிரேக்கர்கள் நம்பிய நான்கு திரவங்களில் ஒன்று (மற்றவை இரத்தம், சளி, மஞ்சள் பித்தம்). ஊற்றில் போய்ப் பார்த்தால் என்ன இருக்கிறது? ஹிப்பாக்ரடீஸ் பெயரில் உள்ள மணிமொழிகளில் ஒரு வரி: பயமும் வருத்தமும் நெடுநாள் நீடித்தால் அது கரும்பித்தக் கோளாறு. கேலனிடம் விரிவு கிடைக்கிறது. கரும்பித்தம் மூளையில் மட்டும் சேர்வது, உடம்பு முழுவதும் ரத்தமே கறுத்துப்போவது, வயிற்றில் தொடங்கி மேலே ஆவியாக ஏறி மூளையை மூடுவது என்று மூன்று வகை. மூன்றாம் வகைக்காரருக்குப் புளித்த ஏப்பம், வயிற்று உப்புசம், எரிச்சல். ஏப்பம் வந்து, வாயு பிரிந்தால் மனமும் லேசாகிவிடும். சிகிச்சை என்னவென்றால் ரத்தம் எடுப்பது, பேதிக்குக் கொடுப்பது, உணவை மாற்றுவது.

ஆனால் அதே காலத்து ஐரோப்பாவில் மெலங்கோலி என்றால் மேதையின் அடையாளம். கவிஞன், ஓவியன், தத்துவவாதி எல்லாரும் அதைப் பதக்கம் போலக் குத்திக்கொண்டு திரிகிறார்கள். வயிற்று உப்புசம் எப்படி மேதைமை ஆனது?


அரைத்தூக்கம்

அதற்கு முன்னால் எனக்கு ஒரு பாமரக் கேள்வி. கரும்பித்தம் என்று ஒன்று உடம்பில் நிஜமாகவே உண்டா? மஞ்சள் பித்தம் தெரியும், பேருந்துப் பயணத்தில் வாந்தி எடுத்த அனுபவம் இருக்கிறது. கறுப்பை யார் பார்த்தது?


ஈஎஸ்ஆர்குழாய்

நான் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்ப்பவன், அதனால் இதற்கு மட்டும் கைதூக்குகிறேன். அப்படி ஒரு திரவம் கிடையாது. ஆனால் சும்மா கற்பனை செய்தார்கள் என்றும் தள்ளிவிட முடியாது. ஸ்வீடனில் ராபின் ஃபோரேயஸ் என்று ஒருவர், நாங்கள் தினமும் செய்யும் ஈஎஸ்ஆர் (சிவப்பணுக்கள் படியும் வேகம்) சோதனைக்கு அடித்தளம் போட்டவர்களில் ஒருவர். அவர் சொன்ன யோசனை இது. ரத்தத்தைக் கண்ணாடிக் குடுவையில் பிடித்து அசைக்காமல் வைத்தால் அடியில் கருஞ்சிவப்பாக, ஏறக்குறைய கறுப்பாக ஒரு கட்டி. அதன் மேல் நல்ல சிவப்பு. அதற்கும் மேலே வெளுத்த ஒரு படலம். எல்லாவற்றுக்கும் மேல் மஞ்சள் நீர். கரும்பித்தம், இரத்தம், சளி, மஞ்சள் பித்தம். நான்கும் வந்துவிட்டதா?

கிரேக்கர்கள் இதைப் பார்த்துத்தான் எழுதினார்கள் என்பதற்கு ஆதாரம் இல்லை, யூகம்தான். ஆனாலும் முதல் தடவை இதைப் படித்துவிட்டு மறுநாள் வேலைக்குப் போனபோது குழாய்களை வேறு கண்ணோடு பார்த்தேன்.


வெண்கலப்பானை

சுவடிப்பூச்சி, உங்கள் கேள்விக்கு விடை மருத்துவ நூல்களுக்குள் இல்லை. அரிஸ்டாட்டில் பெயரில் ஒரு வினாத்தொகுப்பு இருக்கிறது. அதன் 30-ஆம் பகுதியில் முதல் வினா: தத்துவம், அரசியல், கவிதை, கலை ஆகியவற்றில் தலைசிறந்து நின்றவர்கள் எல்லாரும் ஏன் கரும்பித்தக்காரர்களாக இருக்கிறார்கள்? ஹெராக்ளீஸ், அஜாக்ஸ் என்று வீரர்களில் தொடங்கி எம்பெடாக்ளீஸ், சாக்ரடீஸ், பிளேட்டோ வரை பட்டியல் போகிறது. எழுதியது அரிஸ்டாட்டிலா, அவர் பள்ளியைச் சேர்ந்த வேறொருவரா என்பது தனி வழக்கு.

விளக்கம்தான் அழகு. மதுவை எடுத்துக்கொள்கிறார். பேசாத ஆள் கொஞ்சம் குடித்தால் வாயாடி ஆகிறான், இன்னும் கொஞ்சம் குடித்தால் வீரன், அதற்கு மேல் போனால் அடிதடி, கடைசியில் அழுகை. மது சிலமணி நேரம் செய்வதைக் கரும்பித்தம் ஆயுள் முழுக்கச் செய்கிறது. அது சூடும் ஏறும், குளிரவும் செய்யும். அளவாகச் சூடேறினால் மேதை, மிஞ்சினால் பித்தன், குளிர்ந்தால் சோர்ந்துபோய் மூலையில் கிடப்பவன்.

இது மறுமலர்ச்சிக் காலத்தில்தான் தோண்டி எடுக்கப்பட்டது என்று பலர் எழுதுகிறார்கள். தப்பு. 13-ஆம் நூற்றாண்டிலேயே லத்தீனில் வந்துவிட்டது, இத்தாலிய மருத்துவர் பியெட்ரோ தாபானோ அதற்கு உரையும் எழுதினார். பெரிய சலசலப்பு எதுவும் இல்லை. அதைத் தன் ஜாதகத்தோடு சேர்த்துப் படிக்க ஓர் ஆள் தேவைப்பட்டார். அவர்தான் ஃபிளாரன்ஸின் மார்சிலியோ ஃபிசினோ.

1433-இல் பிறந்தவர். அப்பா மருத்துவர். பிளேட்டோ முழுவதையும் லத்தீனில் பெயர்த்தவர். அவர்கள் கணக்குப்படி கும்ப லக்னம், லக்னத்திலேயே சனி. இதை நினைத்து நினைத்து மாய்ந்துபோனவர். நண்பர் கவல்கான்டிக்குக் கடிதத்தில் புலம்புகிறார். நண்பரோ, உனக்கு இவ்வளவு அறிவும் நினைவாற்றலும் தந்த சனியையா திட்டுகிறாய் என்று திருப்பிக் கேட்கிறார். ஃபிசினோ இறங்கிவருகிறார்: சரி, இந்த இயல்பு சனி கொடுத்ததுதான் என்றால், அரிஸ்டாட்டில் சொன்னதுபோல இது ஒரு தெய்வீக வரம் என்று ஒப்புக்கொள்கிறேன்.

மேதைக்கும் மெலங்கோலிக்கும் முடிச்சுப் போட்ட இடம் இந்தக் கடிதம்தான் என்பேன். 1489-இல் 'வாழ்வைப் பற்றிய மூன்று நூல்கள்' அச்சானபோது அது கோட்பாடாகவே ஆகிவிட்டது. முதல் நூல் முழுக்கப் படிப்பாளிகளின் உடல்நலம். அவர்களுடைய எதிரிகள்: சளி, கரும்பித்தம், காமம், வயிறுமுட்டச் சாப்பாடு, ராத்திரி விழித்துவிட்டுக் காலையில் தூங்குவது. (அரைத்தூக்கம், கவனிக்கவும்.) நல்ல கலவைக்குக் கணக்குகூடத் தருகிறார்: எட்டுப் பங்கு ரத்தம், இரண்டு பங்கு மஞ்சள் பித்தம், இரண்டு பங்கு கரும்பித்தம். மருந்துக்கடைச் சீட்டு மாதிரி!

இரண்டாம் நூலில் வயோதிகர்கள் ஆரோக்கியமான, சம்மதிக்கிற இளைஞனின் இடது கை நரம்பிலிருந்து கொஞ்சம் ரத்தம் உறிஞ்சிக் குடிக்கலாம் என்றும் ஓர் அறிவுரை உண்டு. அதைப் படித்தபின் இவரை முழுசாக நம்புவது எனக்குக் கஷ்டமாகிவிட்டது.


அரைத்தூக்கம்

லக்னத்தில் சனி வரமா? இதை எங்கள் அம்மாவிடம் சொல்லிப் பார்க்கிறேன். ஏழரை தொடங்கியதிலிருந்து சனிக்கிழமை தவறாமல் எள் தீபம் ஏற்றிக்கொண்டிருக்கிறார், என் மேதைமையை அவரே அணைத்துவிட்டார் போலிருக்கிறது.


யூனானிப்பேரன்

வெண்கலப்பானை சார், அருமை. ஆனால் நடுவில் ஒரு பெரிய பாலத்தை அப்படியே தாண்டிக் குதித்துவிட்டீர்கள்.

முதலில் சனி. ஹிப்பாக்ரடீஸிலும் கேலனிலும் கரும்பித்தத்துக்குச் சனியைப் பொறுப்பாக்கும் பேச்சு இல்லை. கறுப்பு, குளிர்ச்சி, வறட்சி, கரும்பித்தம், சனி என்று ஒரே கட்டாகக் கட்டித் தெளிவாகச் சொல்வது 9-ஆம் நூற்றாண்டுப் பாக்தாத் சோதிடர் அபூ மஃஷர். ஃபிசினோவின் 'கிரேக்க' மெலங்கோலியில் பாதி அங்கிருந்து வந்த சரக்கு.

அடுத்து ரூஃபஸ். கி.பி. 100 வாக்கில் எபேசஸில் இருந்த மருத்துவர். மெலங்கோலி பற்றி இரண்டு பகுதிகளாகத் தனி நூலே எழுதினார். மற்றவர்களைப் பாராட்டுவதில் கஞ்சரான கேலனே, பின்னால் வந்தவர்களில் இவர் எழுதியதுதான் சிறந்தது என்கிறார். அந்த நூல் கிரேக்கத்தில் தொலைந்துவிட்டது, துணுக்குகள்தான் மிச்சம். ஆனால் அரபியில் இருந்தது. வட ஆப்பிரிக்காவின் கைரவானில் மருத்துவராக இருந்த இஸ்ஹாக் இப்னு இம்ரான் 10-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அதை வைத்துத் தன் நூலை எழுதினார். அதை 11-ஆம் நூற்றாண்டில் இத்தாலியின் மோன்டே கசினோ மடத்தில் ஆப்பிரிக்கரான கான்ஸ்டன்டைன் லத்தீனாக்கினார். கூர்மையான புத்தி உள்ளவர்கள் எளிதாக மெலங்கோலியில் விழுவார்கள், ஓயாத சிந்தனை அதில் கொண்டுபோய் விடும் என்று ரூஃபஸ் சொன்னது ஐரோப்பாவுக்குக் கிடைத்தது இப்படித்தான். ஆகவே சுவடிப்பூச்சி, மருத்துவர்களிடம் வயிற்று உப்புசம் மட்டும்தான் இருந்தது என்பதும் சரியில்லை.

கலங்கல் தண்ணீர் என்றார்களே, ஊற்று வறண்ட இடத்தில் அந்தத் தண்ணீர்தான் மிச்சம் இருந்தது.

என் தாத்தா யூனானி ஹகீம். 'சவ்தா ஏறிடுச்சு' என்பார், சவ்தா என்றால் கறுப்பு, இதே கரும்பித்தம்தான். நோயின் பெயர் அவர் வாயில் 'மாலிக்கூலியா'. சின்ன வயதில் அது உருதுச் சொல் என்று நினைத்திருந்தேன். யூனானி என்பதும் யவனர் என்பதும் ஒரே வேர் என்று தெரிந்ததே கல்லூரிக்குப் போன பிறகுதான்.


சுவடிப்பூச்சி

யூனானிப்பேரன் பாய், ரூஃபஸ் விஷயத்தில் கையைத் தூக்கிவிட்டேன். மேலே நான் எழுதியதை மாற்றாமல் விடுகிறேன், இழை புரியவேண்டுமே.

ஆனாலும் கிரேக்க மூலம் வந்ததால் ஒன்றும் ஆகவில்லை என்று போய்விடக் கூடாது. ஃபெராராவில் லியோனிச்சேனோ என்ற மருத்துவர் 1492-இல் பழைய ரோமானிய நூலாசிரியர் பிளினியின் தவறுகளைப் பட்டியல் போட்டு ஒரு நூல் வெளியிட்டார். பண்டிதர் சண்டை மாதிரித் தெரியும். ஆனால் அவர் கவலை மூலிகைப் பெயர்கள். ஒரு செடியின் கிரேக்கப் பெயரைத் தப்பாகப் புரிந்துகொண்டால் நோயாளிக்குப் போவது வேறு செடி. மெலங்கோலிக்குப் பழைய மருந்தான ஹெல்லிபோர் கடும் விஷம், இதில் ஆள் மாறாட்டம் நடந்தால் பாடை கட்டவேண்டியதுதான். இங்கிலாந்தில் தாமஸ் லினாகர் கேலனை நேரே கிரேக்கத்திலிருந்து தெளிவான லத்தீனில் கொண்டுவந்தார். 1521-இல் கேம்பிரிட்ஜில் அச்சான உடற்கூறுத் தன்மைகள் பற்றிய நூல் அதில் ஒன்று.

வேடிக்கை என்னவென்றால் இவ்வளவுக்கும் பிறகு அரபியில் எழுதிய இப்னு சீனாவின் மருத்துவச் சட்டநூல் பாடத்திட்டத்தை விட்டுப் போகவே இல்லை. டமாஸ்கஸில் பல வருடம் இருந்து அரபி கற்ற ஆல்பாகோ திருத்திய மொழிபெயர்ப்பு 1527-இல் வெனிஸில் வந்தது. கிரேக்கக் கேலன் அச்சான அதே ஊர், இரண்டே வருடம் கழித்து! மேடையில் திட்டிவிட்டு வீட்டில் படித்திருக்கிறார்கள்.


மழைக்காலம்

இதுவரை வந்த பெயர்களைப் பாருங்கள். ஹெராக்ளீஸ், சாக்ரடீஸ், பிளேட்டோ, ஃபிசினோ. ஒரு பெண் இல்லை. மெலங்கோலி என்ற அதே கிரேக்கச் சொல் பெண்கள்மேல் விழுந்தபோது என்ன ஆனது என்று சொல்கிறேன்.

1563-இல் யோஹான் வையர் என்ற மருத்துவர், கிளீவ்ஸ் கோமகனின் அரண்மனை வைத்தியர், ஒரு நூல் வெளியிட்டார். சூனியக்காரிகள் என்று சுட்டெரிக்கப்படும் கிழவிகள் குற்றவாளிகள் இல்லை, அவர்கள் மெலங்கோலி நோயாளிகள் என்றார். கரும்பித்தம் கற்பனையைக் கெடுக்கிறது, சாத்தான் அந்தக் கெட்ட கற்பனைக்குள் புகுந்துகொள்கிறான், காற்றில் பறந்தேன், புயலை வரவழைத்தேன் என்று அவர்களே நம்பிச் சொல்கிறார்கள். அவர்களுக்குத் தேவை வைத்தியம், விறகு இல்லை.

1580-இல் பிரெஞ்சுச் சட்ட அறிஞர் ழான் போதேன் பதிலடி கொடுத்தார். அவர் ஆயுதமும் கேலன்தான். வெறியைக் கிளப்பும் எரிந்த கரும்பித்தம் மிதமிஞ்சிய சூட்டாலும் வறட்சியாலும் உண்டாகிறது. பெண்ணுடம்பு இயல்பிலேயே குளிர்ச்சியும் ஈரமும் கொண்டது. ஆகவே பெண்ணுக்கு இந்த நோய் வர வழியில்லை. வையர் மருத்துவராக இருந்தும் இதுகூடத் தெரியவில்லை. ஆகவே அவர்கள் சொன்னதெல்லாம் உண்மை, எரிக்கலாம்.

ஃபிசினோவுக்குப் பாராட்டு வாங்கித் தந்த அதே மருத்துவ நூல்கள்தான். புத்தகங்கள் மாறவில்லை, நாற்காலியில் உட்கார்ந்திருப்பவர் யார் என்பது மட்டும் மாறியது.


வெண்கலப்பானை

மழைக்காலம், போதேனை விட்டுவிடுவோம், அவருக்காக வாதாட நான் வரவில்லை. ஆனால் வையரை இந்த வரிசையில் நிறுத்துவது நியாயமா? அந்தக் காலத்தில் அப்படி எழுதத் துணிச்சல் வேண்டும். கிரேக்க மருத்துவம் ஓர் உயிரையாவது காப்பாற்றியிருந்தால் அது இந்த வழியில்தான்.


மழைக்காலம்

அவர் துணிச்சலை நான் குறைக்கவில்லை. எந்த விலைக்கு என்றுதான் கேட்கிறேன். கிழவியைக் காப்பாற்ற அவர் கொடுத்த விலை அவளுடைய பேச்சு. அவள் சொல்வது எதையும் நம்பாதே, அது பித்தம் பேசுகிறது என்பதுதான் வாதம். ஃபிசினோவின் கரும்பித்தம் அவர் பேச்சுக்கு எடை கூட்டுகிறது, இவளுடையது இவள் பேச்சைச் செல்லாக்காசு ஆக்குகிறது. நம் வீடுகளிலும் 'அவளுக்குப் பித்தம் தலைக்கேறிடுச்சு' என்று எப்போது சொல்வார்கள்? அவள் சொல்வதைக் கேட்கவேண்டாம் என்று முடிவு செய்தபிறகுதானே.

ஸ்பெயினின் துறவி ஆவிலாவின் தெரேசாவையும் சேர்த்துக்கொள்ளுங்கள், பெண் எழுதினால் பரிவாக இருக்கும் என்று நினைக்காதீர்கள். தன் மடங்களில் மெலங்கோலி பிடித்த சகோதரிகளை எப்படி நடத்துவது என்று ஓர் அத்தியாயமே எழுதியிருக்கிறார். கண்டிப்புதான் மருந்து. மேதைமைப் பேச்சுக்கு அங்கே இடமில்லை. ஒரே சமையலறையில் இருபது பேர் புழங்கும் இடத்தில் ஒருத்தியின் மெலங்கோலி மற்றவர்களுக்கு என்ன வேலை வைக்கும் என்று தெரிந்தவர்.


வெண்கலப்பானை

'செல்லாக்காசு' என்ற இடத்தில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டேன். சரி. பதில் இல்லை.


அரைத்தூக்கம்

சூடு குறைய ஒரு கேள்வி. ஜெர்மானிய ஓவியர் டியூரரின் அந்தப் படம், சிறகு வைத்த பெண் கன்னத்தில் கைவைத்து உட்கார்ந்திருப்பது, அதுவும் இந்தக் கதையில் வருமா? மழைக்காலம் அக்கா சொன்னதற்கு எதிராக அங்கே பெண்தானே இருக்கிறாள்?


வெண்கலப்பானை

வரும். 1514-ஆம் வருடத்துச் செப்புத்தகட்டுப் படம், உயரம் 24 சென்டிமீட்டர்தான். பெண் உருவம் என்றாலும் அது ஒரு குணத்துக்குக் கொடுத்த உருவம், கலைமகள் மாதிரி. கையில் கவராயம், சுற்றிலும் தச்சுக் கருவிகள், சுவரில் மணற்கடிகாரமும் தராசும். பின்னால் ஒரு எண்கட்டம், எந்தப் பக்கம் கூட்டினாலும் 34, அடிவரிசை நடுவில் 15, 14 என்று வருடமும் ஒளிந்திருக்கிறது. எல்லாக் கருவியும் இருக்கிறது, எதையும் தொடவில்லை. தலைப்பு 'மெலென்கோலியா ஒன்று', அதில் இருக்கும் 'ஒன்று' எதற்கு என்று இன்னும் சண்டை ஓய்ந்தபாடில்லை. அக்ரிப்பா என்பவர் மெலங்கோலியைக் கற்பனை, பகுத்தறிவு, ஞானம் என்று மூன்று படியாகப் பிரித்தார், இது முதல் படி என்பது கலை வரலாற்றாசிரியர் பானோஃப்ஸ்கி முதலானோர் கட்சி. எனக்கு அதில் முழுத் திருப்தி இல்லை.


ஈஎஸ்ஆர்குழாய்

டியூரர் வரைந்த இன்னொன்று என் பக்கத்துச் சரக்கு. பிரேமன் அருங்காட்சியகத்துச் சின்னச் சித்திரம். தன்னையே இடுப்புவரை வெற்றுடம்பாக வரைந்து, விலாவுக்குக் கீழே இடப்பக்கம் ஒரு மஞ்சள் புள்ளி வைத்து, அதை விரலால் காட்டுகிறார். மேலே எழுத்து: மஞ்சள் புள்ளி இருக்கும் இடத்தில், விரல் காட்டும் இடத்தில் எனக்கு வலிக்கிறது. அது மண்ணீரல் இருக்கும் இடம். பழைய கணக்கில் கரும்பித்தம் தங்கும் பை.

டாக்டருக்கு அனுப்ப வரைந்தது என்று சொல்கிறார்கள். இப்போது நமக்கு வாட்ஸ்அப்பில் வருகிறதே, அதே. சிறகு வைத்த உருவத்தைவிட எனக்கு இதுதான் நெஞ்சில் நிற்கிறது.


யூனானிப்பேரன்

நோயாளிக் கதைகளையும் யாராவது சொல்லியாகவேண்டும். கேலனிடம் ஒருவன் தான் மண்பாண்டம் என்று நம்பி, உடைந்துவிடுவோமென்று எதிரில் வருபவர்களுக்கெல்லாம் ஒதுங்கி வழிவிடுகிறான். ஒருவன் சேவல் மாதிரிக் கைகளை விலாவில் அடித்துக்கொண்டு கூவுகிறான். உலகத்தைச் சுமக்கும் அட்லஸ் களைத்துப்போய்க் கீழே போட்டுவிட்டால் என்ன ஆவது என்று ஒருவனுக்குக் கவலை. தலையே இல்லை என்றவனுக்கு ஈயத்தில் தொப்பி செய்து மாட்டி, கனத்தில் தலை இருப்பதை உணரவைத்தார்கள், இது ரூஃபஸ் வழி வந்த கதை.

16-ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சு மருத்துவர் ஆந்த்ரே து லோரான்ஸிடம் வரும்போது மண்பாண்டக்காரன் கண்ணாடிக்காரனாகிவிட்டான். ஸ்பானிய எழுத்தாளர் செர்வான்டெஸும் 1613-இல் ஒரு கண்ணாடி மனிதனைப் பற்றிக் கதை எழுதினார். ஐரோப்பிய வீடுகளில் கண்ணாடிப் பாத்திரம் பெருகிய காலம், பயமும் அதற்கேற்ப மாறிக்கொண்டது போலும். புத்தகத்தைப் பார்த்து நோயை எழுதினார்களா, புத்தகக் கதை பரவி ஆட்களே அப்படி நம்பத் தொடங்கினார்களா, பிரிப்பது கஷ்டம்.


சுவடிப்பூச்சி

பாய் சொன்ன கடைசி வரி என் முதல் கேள்விக்கே வந்து நிற்கிறது. இன்னொரு சாட்சி தருகிறேன்.

1621-இல் ஆக்ஸ்ஃபோர்டில் ராபர்ட் பர்ட்டன் மெலங்கோலிக்கு ஒரு பெரும் நூல் வெளியிட்டார். சாகும்வரை அதைத் தடிமனாக்கிக்கொண்டே போனார். மெலங்கோலி தன்னை அண்டாமல் இருக்கத்தான் மெலங்கோலி பற்றி எழுதிக்கொண்டிருக்கிறேன் என்றார். நூலின் முகப்பில் அவர் தன் பெயரைப் போடவில்லை, 'இளைய டெமாக்ரிடஸ்' என்று போட்டுக்கொண்டார்.

காரணம் ஒரு கிரேக்கக் கதை. அப்தேரா ஊரில் தத்துவவாதி டெமாக்ரிடஸ் எதைப் பார்த்தாலும் சிரிக்கிறார். பைத்தியம் பிடித்துவிட்டது என்று ஊர்க்காரர்கள் ஹிப்பாக்ரடீஸை அழைத்து வருகிறார்கள். அவர் போய்ப் பார்த்தால் டெமாக்ரிடஸ் மரத்தடியில், மடியில் புத்தகம், சுற்றிலும் அறுத்துப்போட்ட விலங்குகள். என்ன செய்கிறாய் என்று கேட்டால், பைத்தியத்தைப் பற்றி எழுதுகிறேன், பித்தம் எங்கே இருக்கிறது, எப்படி இருக்கிறது என்று தேடுகிறேன் என்கிறார். பர்ட்டன் தன்னை அந்த மரத்தடியில் உட்காரவைத்துக்கொள்கிறார்.

அந்தக் கதை வருவது ஹிப்பாக்ரடீஸின் கடிதங்களில். அவை ஹிப்பாக்ரடீஸ் எழுதியவை இல்லை, பல நூற்றாண்டு கழித்து யாரோ அவர் பெயரில் புனைந்தவை. மேதைமைக்கு ஆதாரம் அரிஸ்டாட்டில் எழுதினாரா என்றே தெரியாத ஒரு பக்கம், சனி பாக்தாத் வழி, ரூஃபஸ் கைரவான் வழி, கடைசியில் இந்தக் கடிதமும் போலி. ஊற்றுக்குத்தான் போனார்கள். ஆனால் குடத்தில் நிரப்பி வந்தது என்ன தண்ணீர்?


ஈஎஸ்ஆர்குழாய்

தொழில்முறையாக ஒரே ஒரு சந்தேகம். டெமாக்ரிடஸ் அவ்வளவு விலங்குகளை அறுத்தாரே, கரும்பித்தம் கிடைத்ததா?


சுவடிப்பூச்சி

கடிதத்தில் அந்தப் பேச்சே அப்புறம் வரவில்லை. ஹிப்பாக்ரடீஸ் 'ஏன் சிரிக்கிறாய்' என்று கேட்டுவிடுகிறார். பேச்சு அந்தப் பக்கம் போய்விடுகிறது.